சொல் தவறாமை: இயக்க முறைமையின் உட்கருவும் பழைய நிரல்களும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எழுதியவர் மறைந்த பின்னும் எழுத்து வாழும் என்பது இலக்கிய உலகம் நன்கறிந்த உண்மையாகும். ஏட்டிலோ தாளிலோ எழுதப்பட்ட பாட்டைப் படிப்பதற்குக் கண்ணும் மொழியறிவும் போதும். கணிப்பொறிக்கென எழுதப்படும் நிரலின் நிலை அத்தகையதன்று. நிரல் தனித்து நின்று இயங்குவதில்லை. தன்னைத் தாங்கி நிற்கும் இயக்க முறைமையை நம்பியே அது உயிர் பெறுகிறது. அவ்வியக்க முறைமையோ ஓயாது திருத்தப்பட்டும் புதுக்கப்பட்டும் வருகிறது. ஒவ்வொரு புதுக்கத்தின்போதும் ஒரு வினா எழுகின்றது. நேற்று இயங்கிய நிரல், ஓரெழுத்தும் மாற்றப்படாமல், இன்றும் இயங்குமா என்பதே அவ்வினா.

'இயங்கும்' என்று உறுதியாக விடை கூறத்தக்க நிலையைக் கணிப்பொறியியலார் இரும இணக்கம் என்பர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொறியியலாரின் தொழில் நுணுக்கமாகவே தோன்றும். ஆயினும் இதன் வரலாற்றை ஆழ்ந்து நோக்கின், இது கொடுத்த சொல்லைக் காப்பது பற்றிய வரலாறு என்பது புலப்படும். யார் யாருக்குச் சொல் கொடுத்தனர், அதனைக் காக்க என்ன விலை கொடுத்தனர், எவ்விடத்தில் கைவிட்டனர் என்பனவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உட்கருவும் பயனர் நிரலும்

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளை இரு பெரும் பிரிவாகக் காணலாம். நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை முதலிய வன்பொருள் அனைத்தையும் தன் ஆளுகைக்குள் வைத்திருக்கும் பகுதி கெர்னல் எனப்படும் உட்கரு ஆகும். கடிதம் எழுத உதவும் நிரல், கணக்குப் போடும் நிரல், விளையாட்டு நிரல் போன்றவை பயனர் நிரல்கள். பயனர் நிரல் வட்டினைத் தானே தொட இயலாது. அதற்கு அனுமதி இல்லை. 'இக்கோப்பைத் திறந்து கொடு', 'இதனை எழுதி வை' என்று உட்கருவிடம் விண்ணப்பித்துக் கொள்ளலாம். இவ்விண்ணப்பம் முறைமை அழைப்பு எனப்படும்.

இவ்விண்ணப்பம் சொற்களால் அமைவதன்று. ஒவ்வோர் அழைப்பிற்கும் ஓர் எண் உண்டு. நிரல் அந்த எண்ணைச் செயலியின் குறித்ததோர் இடத்தில் இட்டு, வேண்டிய பிற விவரங்களைக் குறித்த வரிசையில் அடுக்கி, உட்கருவை எழுப்புகிறது. உட்கரு பணியை முடித்து விடையை ஓர் எண்ணாகத் தருகிறது. பணி நிறைவேறாவிடின், ஏன் நிறைவேறவில்லை என்பதைக் குறிக்கும் பிழை எண்ணைத் தருகிறது. அழைப்பின் எண், விவரங்களின் வரிசை, அவை ஒவ்வொன்றின் அளவு, பிழை எண்ணின் பொருள் ஆகிய இவற்றுள் எது மாறினும், பழைய நிரல் பிழைபடும்.

இங்கு மூலநிரலுக்கும் இரும நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூலநிரல். அதனைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி, செயலிக்கு விளங்கும் இரும வடிவமாக ஆக்குகிறது. மூலத்தில் பெயர்களாக இருந்தவை இருமத்தில் எண்களாகி உறைந்துவிடுகின்றன. மூலநிரல் கையில் இருப்பின், புதிய முறைமைக்கேற்ப அதனை மீண்டும் மொழிமாற்றிக் கொள்ளலாம். ஆனால் எழுதியவர் மறைந்திருக்கலாம். விற்ற நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம். மூலம் எவருக்கும் காட்டப்படாத கமுக்கமாக இருக்கலாம். அந்நிலையில் பயன்படுத்துவோர் கையில் எஞ்சியிருப்பது இருமம் ஒன்றே. அதனைத் திருத்த அவரால் இயலாது. அவருக்காகத் தன்னை மாற்றாமல் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு உட்கருவைச் சேர்கிறது.

முதற் பெரும் வாக்குறுதி

1960களின் தொடக்கம் வரை, புதிய கணிப்பொறி வாங்குவது என்பது பழைய நிரல்களைக் கைவிடுவது என்றே பொருள்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் விற்றுவந்த 1401 வகைக்கும் 7090 வகைக்கும் கட்டளை மொழியே வேறு. சிறிய பொறியிலிருந்து பெரிய பொறிக்கு மாற விரும்பிய நிறுவனம், தன் நிரல்கள் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியது 1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 குடும்பமாகும். பிரெடரிக் புரூக்ஸ் தலைமையில், ஜீன் அம்டால், கெரிட் பிளாவ் ஆகியோர் வடிவமைத்த இக்குடும்பத்தில் அறிவிப்பின்போது ஆறு செயலி மாதிரிகள் இருந்தன. சிறியதும் பெரியதுமான அவை அனைத்தும் ஒரே கட்டளைத் தொகுதியைப் பின்பற்றின. ஒன்றிற்கு எழுதிய நிரல், போதிய நினைவகமும் கருவிகளும் இருப்பின், மற்றதிலும் இயங்கும் என்பதே அவ்வறிவிப்பின் உயிர்நாடி. அதே ஆண்டில் அம்மூவரும் வெளியிட்ட ஆய்வுரையில், கட்டடக் கலையைக் குறிக்கும் 'ஆர்க்கிடெக்சர்' என்னும் சொல்லைக் கணிப்பொறிக்கு ஆண்டனர். நிரலர் கண்ணுக்குப் புலப்படும் அமைப்பு வேறு, அதனை நிறைவேற்றும் உள் வேலைப்பாடு வேறு என்ற பாகுபாடு அதனால் நிலைபெற்றது. உள் வேலைப்பாடு எத்துணை மாறினும், புலப்படும் அமைப்பு மாறாதிருக்கலாம். பின்வந்த இணக்கக் கொள்கைகள் அனைத்திற்கும் இப்பாகுபாடே அடித்தளமாயிற்று.

இவ்வாக்குறுதியின் சுமை விரைவிலேயே தெரிந்தது. சிஸ்டம்/360 நினைவக முகவரியைக் குறிக்க 24 பிட்களையே பயன்படுத்தியது. முகவரி வைக்கப்பட்ட இடமோ 32 பிட் அகலமுடையது. எஞ்சிய 8 பிட்கள் வெறுமனே கிடப்பதைக் கண்ட நிரலர்கள், அவற்றில் தத்தம் குறிப்புகளை எழுதி வைக்கத் தொடங்கினர். நினைவகம் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் அது சிக்கனமாகவே கருதப்பட்டது. 24 பிட்களால் சுட்டத்தக்க 1,67,77,216 பைட்டுகள் போதாமற்போன 1980களின் தொடக்கத்தில், முகவரியை விரிவாக்க முனைந்தவர்களுக்கு அக்குறிப்புகளே தடையாயின. விரிவாக்கம் 32 பிட்டாக அமையவில்லை. 31 பிட்டாக அமைந்தது. முதல் பிட், பழைய முறையா புதிய முறையா என்பதைக் குறிக்க ஒதுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அறிமுகமான 64 பிட் வழித்தோன்றலிலும் 24, 31, 64 என்னும் மூவகை முகவரி முறைகளும் ஒருங்கே இடம்பெற்றன. வாக்குறுதி அளித்தவர் எழுதித் தந்ததை மட்டுமன்றி, நம்பியவர் தாமாகக் கண்டு பழகிக்கொண்டதையும் காக்க வேண்டியவராகிறார் என்பது இதனால் பெறப்படும் முதற் பாடமாகும்.

யூனிக்ஸ் தந்த எண் மரபு

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், வேறொரு வழியைக் காட்டியது. 1973இல் அதன் உட்கரு சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் யூனிக்ஸ் பல்வேறு பொறிகளுக்குக் குடிபெயர முடிந்தது. அங்கு நிலைபெற்றது மூலநிரல் இணக்கமே. இரும இணக்கம் அன்று. 1988இல் வெளிவந்த போசிக்ஸ் தரமும் மூலநிரல் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதையே வரையறுத்தது.

ஆயினும் யூனிக்ஸின் முறைமை அழைப்புகளுக்கு இடப்பட்ட எண்கள் ஒரு மரபாகவே தொடர்ந்தன. நிரலை முடித்துக் கொள்வதற்கு 1, தன்னைப் போல் மற்றொன்றைப் பிறப்பித்தற்கு 2, படித்தற்கு 3, எழுதுதற்கு 4, கோப்பைத் திறத்தற்கு 5, மூடுதற்கு 6, புதிய கோப்பைப் படைத்தற்கு 8 என்பன பெல் ஆய்வக யூனிக்ஸின் எண்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட லினக்ஸின் 32 பிட் உட்கருவிலும் இவ்வழைப்புகளுக்கு இதே எண்களே அமைந்தன.

கோப்பைப் படைக்கும் அவ்வழைப்பின் பெயர் குறித்துக் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. 'படை' எனப் பொருள்படும் ஆங்கில வினைச்சொல்லே அதன் பெயர். ஆனால் அச்சொல்லின் ஈற்றெழுத்து அதில் இல்லை. யூனிக்ஸை மீண்டும் படைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் எதனை மாற்றுவீர் என்று தாம்சன் வினவப்பட்டபோது, அந்த ஈற்றெழுத்தைச் சேர்ப்பேன் என்று விடையளித்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அவ்வெழுத்து இன்றுவரை சேர்க்கப்படவில்லை. அப்பெயரைக் கொண்டு எழுதப்பட்ட மூலநிரல்கள் பல்கிப் பெருகிய பின், எழுத்துப்பிழையே மரபாகிவிட்டது. மூலநிரலில் இப்பெயர் மாறாதது போலவே, இருமத்தில் 8 என்னும் எண்ணும் மாறவில்லை.

லினக்ஸ்: உள்ளே மாற்றம், வாயிலில் நிலைப்பு

1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய உட்கருவே லினக்ஸ். அதன் 1.0 பதிப்பு 1994 மார்ச்சில் வெளிவந்தது. இவ்வுட்கருவின் வளர்ச்சியில் ஈரியல்புகள் ஒருங்கே காணப்படுகின்றன. உட்கருவின் உள்ளமைப்பில் எதுவும் நிலையானதன்று. ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு பேசும் முறை எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றப்படும். உட்கருவிற்கும் பயனர் நிரலுக்கும் இடைப்பட்ட வாயிலிலோ, ஏற்கனவே இயங்கிவந்த நிரல் இயங்காமற்போகும்படி எதுவும் செய்தல் கூடாது என்பது விதி.

உள்ளே இருப்பன அனைத்தும் திருத்துவோர் கைக்கு எட்டியவை. ஒன்றை மாற்றுவோர், அதனால் பாதிக்கப்படும் பிறவற்றையும் தாமே மாற்றிவிடலாம். வெளியே இருக்கும் பயனர் நிரல்கள் கைக்கு எட்டாதவை. அவை எங்குள்ளன, எத்தனை உள்ளன என்பதே தெரியாது. அறியாதவரிடம் தவறிழைத்தலாகாது என்பதே இவ்விதியின் அடிப்படை எனலாம்.

2012 டிசம்பரில் நிகழ்ந்த ஒன்று இவ்விதியின் கடுமையை உலகறியச் செய்தது. படமெடுக்கும் கருவிகளுக்கான உட்கருப் பகுதியில், ஓர் அழைப்பு திருப்பித் தரும் பிழை எண் மாற்றப்பட்டது. பழைய பிழை எண்ணை எதிர்பார்த்திருந்த பயனர் நிரல்கள் தடுமாறின. உட்கருவின் பராமரிப்பாளர் ஒருவர், பிழை அந்த நிரலில் உள்ளது போலும் என்று கருத்துரைத்தார். டோர்வால்ட்ஸ் அதனை மிகக் கடுஞ்சொற்களால் மறுத்தார். உட்கருவை மாற்றியதால் ஒரு நிரல் கெட்டதெனில் குற்றம் உட்கருவினுடையதே. நிரலைக் குறை கூறுவது முறையன்று என்பது அவரது வாதம். விதியை ஏற்றுக்கொண்டவர்களும் அவரது மொழியை ஏற்றுக்கொள்ளவில்லை. பல்லாண்டுகளாகத் தம் சக பணியாளர்களிடம் கையாண்ட கடுமைக்காக 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் பணியிலிருந்து விலகி நின்றார். முகமறியாப் பயனருக்குக் கொடுத்த சொல்லைக் காத்தவர், உடன் உழைத்தோரிடம் சொல்லைக் காவாது விட்டார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகவே பதிவாகியுள்ளது.

வயதை மறைத்த உட்கரு

பயனர் நிரல் உட்கருவை நோக்கி 'நீ எந்தப் பதிப்பு?' என்று கேட்கலாம். எட்டு ஆண்டுகளுக்கு அண்மையாக லினக்ஸின் பதிப்பெண்கள் 2.6 என்றே தொடங்கின. 2011 ஜூலையில் அவ்வரிசை முடிக்கப்பட்டு 3.0 பதிப்பு வெளியிடப்பட்டது. அமைப்பில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. எண் மட்டுமே மாறியது. அவ்வெண் மாற்றமே சில நிரல்களை முடக்கிவிட்டது. பதிப்பெண் 2.6 என்றே தொடங்கும் என அவற்றை எழுதியோர் நம்பியிருந்தனர். அந்நிரல்களுக்காக 3.1 பதிப்பில் ஒரு தனி ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன்படி, வேண்டிக்கொள்ளும் நிரலிடம் உட்கரு தன்னை 2.6 வரிசையின் 40ஆம் பதிப்பு என்றோ அதற்கு அடுத்த எண்ணாகவோ கூறிக்கொள்ளும். அத்தகைய பதிப்புகள் என்றும் வெளிவந்ததில்லை.

இவ்வாறு பொய்யுரைத்தது லினக்ஸ் மட்டுமன்று. விண்டோஸ் 95, தன் பதிப்பெண்ணைப் பழைய முறையில் கேட்ட நிரல்களிடம் 3.95 என்று விடையளித்தது. எண்களை ஒப்பிடும் முறையில் பல பழைய நிரல்கள் தவறியிருந்தமையே அதற்குக் காரணம். குற்றமற்ற நன்மை பயக்கும் பொய்யை வள்ளுவர் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணினார். அந்நெறியைக் கணிப்பொறி உட்கருக்கள் தம்மளவில் கைக்கொண்டன என்று சுவைபடக் கூறலாம்.

விண்டோஸ் கண்ட மற்றொரு வழி

மைக்ரோசாப்ட் நிறுவனம் வாயிலை வேறோர் இடத்தில் அமைத்தது. விண்டோஸ் என்.டி. மரபில் முறைமை அழைப்பின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அவற்றைப் பயனர் நிரல் நேரே பயன்படுத்துதல் கூடாது. உட்கருவிற்கும் நிரலுக்கும் இடையில் இயக்க முறைமையே தரும் நிரலகங்கள் உள்ளன; அவற்றிலுள்ள செயல்களின் பெயர்களும் இயல்புகளும் மாறாமல் காக்கப்படுகின்றன. லினக்ஸில் வாக்குறுதி உட்கருவின் வாயிலில் உள்ளது. விண்டோஸில் அது நிரலகத்தின் வாயிலில் உள்ளது.

வாக்குறுதியை எத்துணை தூரம் காத்தனர் என்பதற்கு ஒரு செய்தி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. நகரமைக்கும் விளையாட்டாகிய சிம்சிட்டி, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மீண்டும் படிக்கும் பிழையைக் கொண்டிருந்தது. பழைய முறைமையில் அந்நினைவகம் உடனே வேறெவர்க்கும் தரப்படாமையால் பிழை வெளிப்படவில்லை. விண்டோஸ் 95இல் அது வெளிப்படும் நிலை வந்தபோது, சிம்சிட்டி இயங்குவதைக் கண்டறிந்து, அதற்கென மட்டும் நினைவகத்தை உடனே மீட்டுக்கொள்ளாத தனி முறையை முறைமையே கையாண்டது என்று கூறப்படுகிறது. பிறருடைய பிழையைத் தன்னுள் ஏற்றுத் தாங்கிய நிலை இது.

அவ்வாக்குறுதிக்கும் எல்லை இருந்தது. 64 பிட் விண்டோஸ் பதிப்புகள் பழைய 16 பிட் நிரல்களை இயக்குவதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 தனிக்கணிப்பொறிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே வந்தமையால், அந்நிரல்களுக்கு அதில் இடமில்லாமற் போயிற்று.

ஒருவர் அமைத்த வாயிலை மற்றொருவர் போலச் செய்து தரும் முயற்சிகளும் உண்டு. 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டம் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க வழிசெய்தது. 2018இல் வால்வ் நிறுவனம் அதனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்பதை வெளியிட்டது. மறுதிசையில், 2016இல் மைக்ரோசாப்ட் லினக்ஸ் அழைப்புகளைத் தன் உட்கருவின் மீது போலச் செய்து காட்டியது. மூன்றாண்டுகளில் அவ்வழி மாற்றப்பட்டது. 2019இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வடிவம் மெய்யான லினக்ஸ் உட்கருவையே உள்ளே வைத்துக்கொண்டது. எழுதி வைத்த விதிகளைப் பின்பற்றுதல் எளிது. எழுதப்படாத இயல்புகள் அனைத்தையும் பின்பற்றுதல் அரிது என்பது இதனால் விளங்கும்.

மாறுபட்ட நெறிகள்

சொல்லைக் காப்பதே சிறந்தது என்று எல்லோரும் ஒப்பவில்லை. ஓபன் பி.எஸ்.டி. என்னும் முறைமையினர், மூலநிரல் முழுவதும் கையில் இருக்கும்போது பழைய இருமங்களுக்காகத் தூய்மையைக் கெடுத்துக்கொள்ளல் வேண்டா என்னும் கொள்கையினர். காலத்தைக் குறிக்கும் எண்ணை 32 பிட்டிலிருந்து 64 பிட்டிற்கு மாற்ற வேண்டிய தேவை எழுந்தபோது, 2014 மே மாதம் வெளியிட்ட 5.5 பதிப்பில் எல்லாப் பொறிகளுக்கும் ஒரே வீச்சில் மாற்றிவிட்டனர். பழைய இருமங்கள் கைவிடப்பட்டன. அனைத்தும் மீண்டும் மொழிமாற்றப்பட்டன. மறைப்பு ஏதுமின்றி முன்னரே அறிவித்துச் செய்யப்பட்டமையால், இதனையும் ஒருவகை நேர்மை என்றே கொள்ளுதல் வேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் இடைப்பட்ட வழியைக் கொண்டது. 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் அது செயலிக் குடும்பத்தையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய நிரல்களைப் புதிய செயலியில் இயக்கும் ஏற்பாட்டைத் தந்தது. 2006இல் தந்த ரொசெட்டா என்னும் ஏற்பாட்டை 2011இல் திரும்பப் பெற்றது. 2019இல் 32 பிட் நிரல்கள் அனைத்திற்கும் வாயிலை அடைத்தது. அவ்வாக்குறுதி காலவரையறைக்கு உட்பட்டது. குடிபெயர்வோர்க்குக் கொடுக்கப்பட்ட தவணை போன்றது.

லினக்ஸ் உலகிலும் வாக்குறுதி உட்கருவோடு நின்றுவிடுவதைக் காணலாம். 2010இல் ஜி.லிப்.சி. என்னும் அடிப்படை நிரலகத்தில், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் செயல் விரைவு கருதி மாற்றியமைக்கப்பட்டது. படியெடுக்கும் இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருத்தல் கூடாது என்பது தரநூல் விதி. அவ்விதியை மீறிய நிரல்களும் அதுவரை தற்செயலாகப் பிழையின்றி இயங்கின. மாற்றத்திற்குப் பின், ஃபெடோரா 14 பயன்படுத்தியோர்க்கு ஃபிளாஷ் வழியே வந்த ஒலி சிதைந்து கேட்டது. தரநூலின்படி நிரலகம் குற்றமற்றது. ஆயினும் பயனருக்குக் கேட்டது சிதைந்த ஒலியே. தரநூலைச் சான்று காட்டுவதால் பயனர் துயர் தீராது என்று வாதிட்டவர்களுள் டோர்வால்ட்ஸும் ஒருவர். முடிவில் 2.14 பதிப்பில், ஒரே பெயருக்கு இரு வடிவங்கள் வைக்கப்பட்டன. பழைய இருமங்களுக்குப் பழைய இயல்பும், புதிதாக மொழிமாற்றப்படுவனவற்றிற்குப் புதிய இயல்பும் கிடைத்தன.

காப்பதன் விலை

இரும இணக்கம் விலையின்றிக் கிடைப்பதன்று. உட்கருவிற்குள் வந்த வாயில் எளிதில் வெளியேறுவதில்லை. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் 64 பிட் செயலிகள் சந்தைக்கு வந்தபோது, லினக்ஸ் அவற்றிற்கெனப் புதிய எண் வரிசையைக் கொண்டிருந்தது. அதில் படித்தற்கு 0, எழுதுதற்கு 1 என எண்கள் மாறின. ஆயினும் 32 பிட் இருமங்களுக்காகப் பழைய வரிசையும் உடன் வைக்கப்பட்டது. ஒரே உட்கரு இரு எண் மரபுகளைச் சுமக்கலாயிற்று.

காலத்தை 32 பிட்டில் எண்ணும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 ஓர் எல்லையாகும். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் அந்த எண், அன்று கொள்ளளவைக் கடந்துவிடும். ஓபன் பி.எஸ்.டி. ஒரே நாளில் கடந்த இத்தடையை லினக்ஸ் அவ்வாறு கடக்க இயலவில்லை. 2019இல் வெளிவந்த 5.1 பதிப்பில் 32 பிட் பொறிகளுக்கு 64 பிட் காலத்தைத் தரும் புதிய அழைப்புகள் புதிய எண்களுடன் சேர்க்கப்பட்டன. பழைய அழைப்புகள் நீக்கப்படவில்லை. அவற்றையே நம்பியுள்ள நிரல்கள் அந்நாள்வரை இயங்கும். அதன்பின் அவற்றின் கணக்குப் பிழைபடும். பழையதை இயங்க விடுவதும் அதன் முடிவுநாளை அறிந்தே விடுவதுமாகிய இந்நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

நீக்கமும் அறவே இல்லை எனல் ஆகாது. எவரும் பயன்படுத்தாத ஒன்று நீங்கினால் எவருக்கும் இழப்பில்லை என்பது லினக்ஸ் விதியின் மறுபாதி. டோர்வால்ட்ஸ் தம் உட்கருவை முதன்முதலாக எழுதியது இன்டெல் 80386 செயலிக்கே. அச்செயலிக்கான ஆதரவு 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. லினக்ஸின் தொடக்கக் கால இரும வடிவமாகிய ஏ.அவுட் என்பதற்கான ஆதரவு, அதன் இடத்தை எல்ஃப் வடிவம் பிடித்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபின், 2022இல் விடைபெற்றது. 2020இல் வெளிவந்த 5.5 பதிப்பில் சிஸ்கண்ட்ரோல் என்னும் பழைய அழைப்பு நீக்கப்பட்டது. அழைப்பு நீங்கிய பின்னும் அதன் எண் வேறெதற்கும் வழங்கப்படவில்லை. அவ்வெண்ணால் அழைக்கும் பழைய நிரல் ஏதேனும் இருப்பின், அதற்கு 'இல்லை' என்ற விடை கிடைக்குமேயன்றி, வேறொரு பணி தவறாக நிறைவேறாது.

தமிழெழுத்தும் இவ்விதியும்

நிலைப்பின் இன்றியமையாமையைத் தமிழ் எழுத்துலகமும் பட்டறிந்துள்ளது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணிடும் முறையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் அச்சுக்கோத்த கவிதை, மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு இக்குழப்பத்திற்குத் தீர்வு காண முனைந்தது. பின்னர் யூனிக்கோடு பரவலாயிற்று. இங்குக் காப்பவர் உட்கருவை எழுதுவோர் அல்லர், தரத்தை வகுப்போர். ஆயினும் வாக்குறுதி ஒன்றே.

யூனிக்கோடும் ஒருமுறை சொல் தவறியது. 1996இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பு, ஏற்கனவே இடம் ஒதுக்கப்பட்டிருந்த 6,656 கொரிய அசையெழுத்துகளை வேறிடத்திற்குப் பெயர்த்தது. அதன்பின், ஒருமுறை இடம் பெற்ற எழுத்து இடம் மாறாது, நீக்கப்படாது, அதன் பெயரும் மாறாது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. அக்கொள்கையால் தமிழுக்கு நேர்ந்தது ஒன்றுண்டு. ஆய்த எழுத்திற்கு யூனிக்கோடு வழங்கியுள்ள முறையான பெயர் 'விசர்க்கம்' என்பதாகும். வடமொழிப் பெயர் ஆய்தத்திற்குப் பொருந்தாது. தமிழ் இலக்கணம் ஆய்தத்தைச் சார்பெழுத்தாகத் தனியே வைத்துரைக்கிறது. ஆயினும் பெயரை மாற்ற விதி இடந்தரவில்லை. 'ஆய்தம்' என்னும் குறிப்பு மட்டும் பக்கத்தில் இடப்பட்டது. யூனிக்ஸில் விடுபட்ட ஈற்றெழுத்தும், யூனிக்கோடில் பொருந்தாது நிற்கும் பெயரும் ஒரே விதியின் இரு விளைவுகள். அப்பிழையைப் பொறுத்துக்கொள்வதன் பயனாகவே, அன்று உள்ளிட்ட ஆய்தம் இன்றும் ஆய்தமாகவே தோன்றுகிறது.

நிறைவுரை

பழையன கழிவதும் புதியன புகுவதும் வழுவன்று என்பது நன்னூலார் கொள்கை. மொழிக்கு அது பொருந்தும். ஏனெனில் சொல்லின் பழம்பொருளை உரையாசிரியர் எடுத்துரைக்க, படிப்பவர் உணர்ந்துகொள்ள இயலும். இரும நிரலுக்கு உரையாசிரியர் இல்லை. அது கேட்டதையே மீண்டும் கேட்கும். எதிர்பார்த்த விடை கிடைக்காவிடின் நின்றுவிடும். ஆதலின் அதற்கு உரைகாரராகவும் விளங்க வேண்டிய கடமை உட்கருவையே சார்கிறது.

சிஸ்டம்/360 முதல் லினக்ஸ் வரையிலான இவ்வரலாற்றில், முழுமையாகக் காக்கப்பட்ட வாக்குறுதி என ஒன்றைச் சுட்டுதல் அரிது. சிலர் உட்கருவின் வாயிலிலும், சிலர் நிரலகத்தின் வாயிலிலும், சிலர் குறித்த தவணை வரையிலும் சொல்லைக் காத்தனர். சிலர் காக்க மாட்டோம் என்பதை முன்னரே சொல்லிவிட்டனர். இந்நால்வகையினரும் பழிக்கத்தக்கவர் அல்லர். எங்கு நிற்கிறோம் என்பதை வெளிப்படச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் பெற்றுக்கொண்டு, பின் வாயிலை மாற்றுவதே பழிக்கத்தக்கது. தம் எழுத்தைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் கவிஞர்கள், விரைவையும் அழகையும் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இவ்வொன்றே: இன்று எழுதியது இருபது ஆண்டு கழித்தும் திறக்குமென்று சொல் தருபவர் யார்?